றொஸ்ஸின் குருவிகளும் முஹம்மது பக்ஷும்

பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதிகளில் கால்வாயோரம் குடியிருப்போருக்கு கியூலெக்ஸ் நுளம்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மஃரிப் பாங்கோடு ஜன்னல்களை அடைப்பது அதற்காகத்தான். அசுத்த நீரில் பெருகும் இந்த நுளம்பு யானைக்கால் நோயைப் பரப்பிப் பெயர் கெட்டது. மருத்துவ வரலாற்றில் அதற்கு இன்னோர் இடமும் உண்டு. மலேரியா ஒட்டுண்ணி நுளம்புக்குள் செய்யும் பயணம் முதன்முதலில் முழுமையாகத் தெரிய வந்தது இந்த இனத்தின் உடலில்தான். அதற்கு இரத்தம் கொடுத்தவை சிட்டுக்குருவிகள்.

1897 ஆகஸ்டில், செக்கந்தராபாத்தில் இராணுவ வைத்தியர் றொனால்ட் றொஸ், ஹுஸைன் கான் என்ற மலேரியா நோயாளியை நுளம்புகளுக்குக் கடிக்கக் கொடுத்தார். கடித்த ஒவ்வொரு நுளம்புக்கும் கூலி ஓர் அணா. அந்த நுளம்புகளை அறுத்துப் பார்த்தபோது, ஓகஸ்ட் 20 ஆம் திகதி, இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி நிலை தென்பட்டது. ஆயினும் அது அங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியவில்லை.

1898 பெப்ரவரியில் றொஸ் கல்கத்தாவுக்கு வந்தார். அது கொள்ளை நோய்க் காலம். ஊசியென்றாலே சனங்கள் அஞ்சினார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் கொடுக்கவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எனவே றொஸ் பறவைகளை நாடினார். குருவிகளுக்கும் அவற்றுக்கேயுரிய மலேரியா உண்டு. அது மனிதரைத் தொற்றுவதில்லை.

இவ்வேலைக்கு றொஸ்ஸுக்கு வாய்த்த உதவியாளர் முஹம்மது பக்ஷ். நுளம்பு வளர்ப்பதும், குருவிக் கூடுகளை வலைக்குள் வைத்துப் பேணுவதும் சிறிய வேலைகள்தாம். ஆனால் ஒரு வலை கிழிந்திருந்தால், ஒரு கூடு மாறியிருந்தால், முழு ஆய்வுமே பொய்த்துப் போயிருக்கும்.

ஜூலைத் தொடக்கத்தில் விடை கிடைத்தது. நோயுற்ற குருவியின் இரத்தத்தோடு நுளம்பின் வயிற்றுக்குள் போகும் ஒட்டுண்ணி, இரைப்பையின் வெளிச்சுவரில் கட்டியாக வளர்கிறது. கட்டி வெடித்ததும் நூல் போன்ற நுண்ணுயிர்கள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. அடுத்த கடியில் அவை இன்னொரு குருவியின் உடலுக்குள் இறங்குகின்றன. நோயில்லாத 28 குருவிகளை அத்தகைய நுளம்புகளிடம் விட்டதில் 22 நோயுற்றன. மனித மலேரியாவை அனோபிலிஸ் நுளம்பு பரப்புவதை அதே ஆண்டின் பிற்பகுதியில் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1902 இல் றொஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. 1934-35 இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்த மலேரியாவை நம் மூத்தோர் மறக்கவில்லை. அக்காலத்தில்தான், 1935 இல், பிரெஞ்சு அறிஞர் எமில் ப்ரும்ப்ட் கோழி மலேரியாவின் ஒட்டுண்ணிக்குப் பிளாஸ்மோடியம் கலினேசியம் எனப் பெயரிட்டார். 1936 இல் இலங்கைக் கோழியொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அதன் '8ஏ' என்னும் வகை, பிற நாட்டு ஆய்வுகூடங்களில் இன்றளவும் பயன்படுகிறது. மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தில் மட்டுமன்றி உடலின் பிற இழையங்களிலும் மறைந்து பெருகும் என்பதை 1937 இல் காட்டியது இவ்வொட்டுண்ணி தொற்றிய கோழிகளே. 1940களில் பலுட்ரின் மாத்திரையைத் தேடியபோதும் பரிசோதனை கோழிக்குஞ்சுகளில்தான் நடந்தது. இலங்கையில் கோழிகளுக்கிடையே இதனை இயற்கையாகப் பரப்புவது மன்சோனியா இன நுளம்பொன்று என்பதை நைல்ஸ், பெர்னாண்டோ, திசாநாயக்க ஆகிய மூவரும் 1965 இல் எழுதினார்கள்.

கல்கத்தா மருத்துவமனையில் 1927 இல் திறக்கப்பட்ட நினைவு வாயில் றொஸ்ஸின் பெயரை மட்டுமே தாங்கி நிற்கிறது. குருவி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் றொஸ் தம் உதவியாளரை மறைக்கவில்லை. தமது நினைவுநூலில் பெயரோடு எழுதினார். ஆய்வுகூடத்தின் முன் எடுத்த புகைப்படத்தில், றொஸ் தம்பதியர், பறவைக் கூடுகள் ஆகியவற்றோடு முஹம்மது பக்ஷும் இருக்கிறார். ஹுஸைன் கானையும் நாம் அறிவது றொஸ்ஸின் எழுத்தால்தான். எழுதியவர் மறக்கவில்லை, கல்லில் செதுக்கியவர்களும் பாடநூல் செய்தவர்களுமே மறந்தார்கள்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஓர் அணாவுக்குக் கடிபட்ட ஹுஸைன் கானையும், வலையைக் காத்த முஹம்மது பக்ஷையும், பெயரில்லாத அந்த இலங்கைக் கோழியையும் சேர்த்தே சொல்வோம்.