குமுதினியும் மணிபல்லவத்துக் கப்பலும்

மணிமேகலையைப் படித்தவர்கள் ஆபுத்திரனின் முதற்பிறவி முடிந்த விதத்தை மறந்திருக்க மாட்டார்கள். மதுரையில் சிந்தாதேவி தந்த அமுதசுரபியைக் கொண்டு பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன் அவன். நாடு மழை பெற்றுச் செழித்தபின் ஏற்பவர் இல்லாமற் போகவே, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று மரக்கலம் ஏறுகிறான். காற்று மிகுந்ததால் கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. அவன் கரையில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கலத்தில் உள்ளோர் இரவோடிரவாகப் பாய் விரித்துச் சென்றுவிடுகிறார்கள். ஊட்டுவதற்கு ஓருயிரும் இல்லாத தீவில் தன் ஒருவன் வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான்.

வகுப்பறைகளில் நாம் இக்கதையை அறத்தின் பெருமை கூறவும், மறுபிறப்புக் கொள்கையை விளக்கவும் பயன்படுத்துகிறோம். அதனுள் கிடக்கும் ஓர் எளிய உலகியல் செய்தி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கலத்தில் ஏறியவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆபுத்திரன் இறந்தது அதனால்தான். சாத்தனார் இத்தோடு நிறுத்தவும் இல்லை. உடன் பயணம் செய்த செட்டிகள் ஒன்பதின்மர், அவன் கலத்தில் இல்லாததை அறிந்து தேடித் திரும்பி வருகிறார்கள். அவன் இறந்துபட்டதைக் கண்டு தாமும் அங்கேயே உண்ணாதிருந்து மடிகிறார்கள். சகபயணியைத் தவறவிட்டதற்கு அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனை அது.

மணிபல்லவம் எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவே அது என்று கொள்வோர் பலர். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒருங்கே உள்ள தீவு அது. அதற்குத் தென்மேற்கே, யாழ்ப்பாணத் தீவுகளிலேயே நிலப்பரப்பில் இருந்து மிகவும் விலகிக் கிடப்பது நெடுந்தீவு. ஒல்லாந்தர் அதற்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்ஃப்ட் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பு, பவளக்கற்களை அடுக்கிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள், சில ஆயிரம் மக்கள். யாழ் நகரத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடற்பாலங்களைக் கடந்து குறிகட்டுவான் துறைவரை பேருந்தில் வந்துவிடலாம். அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகன்றி வழியில்லை. ஒரு மணி நேரத்துப் பயணம். மருத்துவம், உயர்கல்வி, நீதிமன்றம், பெரிய கடைவீதி எல்லாம் அந்தப் படகின் மறுமுனையில் இருக்கின்றன. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் காலை மின்தொடர்வண்டி எதுவோ, நெடுந்தீவுக்கு அது குமுதினி. ஒரு வேற்றுமை உண்டு. வண்டி ஓடாத நாளில் நமக்குச் சாலை இருக்கிறது.

தீவு மக்களுக்குக் கடலின் ஆபத்து புதிதன்று. வாடையும் சோழகமும் எப்போது எழும், எந்த நாளில் படகு விடலாகாது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தார்கள். காற்றுக்கு ஒரு பருவமும் ஒழுங்கும் உண்டு. 1980களில் அந்தக் கடலுக்கு வந்த ஆபத்துக்கு அவையிரண்டும் இல்லை.

1985 மே 15, புதன்கிழமை. காலையில் குமுதினி வழக்கம்போல நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்டது. அரசு ஊழியர், வணிகர், பெண்கள், குழந்தைகள் என எழுபது பேரளவில் அதில் இருந்தனர். நடுக்கடலில் சிறுபடகில் வந்தவர்கள் அதை நிறுத்தி ஏறினார்கள். அவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியம் அளித்தனர். அரசு அதை மறுத்தது. பயணிகளைப் படகின் ஒரு பகுதியில் அடைத்துவைத்து, ஒவ்வொருவராக வெளியே அழைத்து, கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையும் தப்பவில்லை.

உயிர்தப்பியோர் கூற்றாகப் பதிவாகியுள்ளவற்றில் ஒன்று என்னைப் பெரிதும் அலைக்கழித்தது. அழைக்கப்பட்டவர்கள் தம் பெயர், வயது, ஊர், செல்லுமிடம் ஆகியவற்றை உரத்துச் சொல்லுமாறு ஏவப்பட்டார்கள். முன்னே வெட்டுப்பட்டவரின் ஓலம் பின்னே காத்திருப்போர் காதில் விழாதிருக்கவே இந்த ஏற்பாடு. உலகெங்கும் கப்பலேறும் பயணியிடம் கேட்கப்படும் கேள்விகள் இவைதாம். கலம் கவிழ்ந்தால் யாரைத் தேடுவது, யாருக்குச் சொல்லியனுப்புவது என்பதற்காக ஏற்பட்டவை. ஆபுத்திரனின் கப்பலில் கேட்கப்படாமற் போன கேள்விகளும் அவையே. காப்பதற்கென மனிதர் கண்டுபிடித்த ஒரு வழக்கம், குமுதினியில் கொலைக்குத் திரையாக மாற்றப்பட்டது.

ஏறியவர்கள் இத்தனை பேர் என்று ஓரளவு சொல்ல முடிகிறது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கோ ஒரே விடை இல்லை. சில ஆவணங்கள் குறைந்தது 23 பேர் என்கின்றன. நெடுந்தீவு மக்களின் நினைவில் அது 36. முறையான விசாரணை நடந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. அம்னஸ்டி இன்டர்நேஷனல் சாட்சியங்களைத் திரட்டி வெளியிட்டும், இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்பட்டதில்லை.

இதற்கு முந்தின நாள், மே 14 அன்று, அனுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். குமுதினி அதற்கான பழிவாங்கல் என்று எழுதுவோர் உண்டு. காலவரிசை அப்படி எண்ணத் தூண்டுகிறது. ஆனால் பேருந்துக்கு நின்ற சிங்களவருக்கும் படகில் இருந்த தமிழருக்கும் எந்த வழக்கும் இல்லை. இரு இடத்தும் கொல்லப்பட்டோர் அன்றைய வேலையை முடித்து வீடு திரும்ப எண்ணியிருந்த பயணிகள். ஒன்றைச் சொல்லி மற்றதை நியாயப்படுத்துவோர் இறந்தவர்களை இரண்டாம் முறை எண்ணாமல் விடுகிறார்கள்.

பின்வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு தீவாயிற்று. ஆனையிறவு வழியும் பூநகரி வழியும் அடைபட்டபின், மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்தார்கள். இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னே வேறு படகுகளைக் கயிற்றால் கட்டி, விளக்கின்றிச் செல்லும் பயணம் அது. கடற்படை அந்நீர்ப்பரப்பைத் தடைசெய்திருந்தது. 1993 ஜனவரி 2 இரவு அங்கே பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். அந்த எண்ணிக்கையும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. 1995 ஆகஸ்டில் ஐரிஷ் மோனா என்னும் பயணிகள் கப்பலைப் புலிகள் கடத்தினார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, கொழும்புக்குச் செல்லக் கப்பல் இடத்துக்கும் படையினரின் அனுமதிக்கும் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். கடல் யார் கையில் இருந்தாலும் பயணி அவர்களுக்கு ஐயத்துக்குரியவன், அல்லது பிணைப்பொருள்.

2009க்குப் பின் நெடுந்தீவுப் பயணத்தின் கவலைகள் வேறுவகை. பழைய படகு பழுதாகும் நாட்கள், அளவுக்கு மீறி ஏற்றுவது, உயிர்காப்பு அங்கி போதாமை, இரவில் நோயாளியை ஏற்றிச்செல்ல வழி தேடுவது. 2017இல் நெடுந்தாரகை என்னும் புதிய கலம் வெள்ளோட்டம் விடப்பட்டது. இவையும் உயிர் சம்பந்தப்பட்டவைதாம். எனினும், மனு எழுதிக் கேட்கக்கூடிய குறைகளாக அவை இருப்பதே அம்மக்கள் கண்ட பெரிய மாற்றம். குமுதினியும் அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. இரத்தம் கழுவப்பட்டு மீண்டும் அதே துறைகளுக்கிடையே ஓடியது. உறவினரை அதில் பறிகொடுத்தவர்களே அதில் ஏறிச் சென்றார்கள். வேறு படகு இல்லாத ஊரில் துக்கம் காப்பதற்கும் வசதி இல்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. புகாரிலிருந்து மணிபல்லவம் தெற்கே முப்பது யோசனை என்கிறது காப்பியம். ஏறத்தாழ அதே கடல். கப்பலேறுவோரின் பெயரும் வயதும் ஊரும் இங்கும் எழுதிக்கொள்ளப்படுகின்றன. அப்படி எழுதிக்கொள்ளும் கையை நம்பி மக்கள் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தருவது கலத்தின் உறுதி மட்டுமன்று. எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால் தேடித் திரும்பும் ஒழுக்கமும் வேண்டும். அந்த ஒன்பது செட்டிகளிடம் அது இருந்தது. மே 15தோறும் மாவிலித்துறை நினைவிடத்தில் கூடும் மக்களிடமும் அது இருக்கிறது. அவர்களை ஆண்ட அரசுகள் 1985லிருந்து அந்தக் கடலுக்கு இன்னும் திரும்பவில்லை.