மதிலிடிக்கும் பொறி
(இத்தாலியின் 132ஆம் தாங்கிப் படையணி)

இரண்டாம் உலக மகாயுத்தத்தைப் பற்றி வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, இத்தாலியரின் யுத்த தாங்கிகளில் முன்னே செல்ல ஒரு கியரும் பின்னே ஓட நான்கு கியர்களும் இருந்தனவாமே என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், வென்றவர்கள் கட்டிவிட்ட பகடியொன்று எங்கள் பள்ளிக்கூடம்வரை வந்து சேர்ந்திருப்பது பின்னர் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு நாட்டின் ஏழை மக்களைக் கோழைகளென நகைக்குமுன், அவர்களை அந்த இரும்புப் பெட்டிகளுள் ஏற்றி அனுப்பியவர்கள் யாவர், எதன்பொருட்டு அனுப்பினர் என்று கேட்க வேண்டாமா?

1941 செப்டெம்பரில் லிபியாவில் அமைக்கப்பட்ட 132ஆம் தாங்கிப் படையணியின் கதை இக்கேள்விக்கு ஓரளவு விடை தரும். அது சேர்ந்திருந்த கவசப் படைப்பிரிவின் பெயர் 'அரியேத்தே'. பண்டை உரோமர் பகைவரின் கோட்டை மதில்களை இடித்துத் தகர்த்த பொறிக்கு வழங்கிய பெயர் அது. முசோலினியின் ஆட்சியில் பெயர்களுக்கு மட்டும் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

இத்தாலியின் முதலாவது தாங்கிப் படையணி 1927இல் உரோம் நகரிலே நிறுவப்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாடு பெருமளவில் உற்பத்தி செய்தது தாங்கியென்று சொல்லத்தக்கதொன்றையன்று. மூன்று தொன் எடையும், இருவர் ஒடுங்கியிருக்க இடமும், இயந்திரத் துவக்குகளும் கொண்ட சிறு வண்டியையே அது செய்து குவித்தது. அதற்குச் சுழலும் கோபுரம் கிடையாது. 'சார்டின் டப்பா' என்று போர்வீரர்களே அதற்குப் பெயரிட்டனர். பீரங்கியில்லாத மக்களை அடக்குவதற்கு அது போதுமென ஆட்சியாளர் எண்ணினர் போலும். ஆனால் 1935 டிசெம்பர் 15ஆந் திகதி, எத்தியோப்பியாவின் தெம்பெகுவினாக் கணவாயில், ராஸ் இம்ருவின் வீரர்கள் துவக்கு திரும்பாத பின்புறமாக வந்து இவ்வண்டிகளின்மேலேறி அவற்றைச் செயலிழக்கச் செய்தனர். பாசிசத்தின் இயந்திர வல்லமையை முதலில் நகைப்பிற்கிடமாக்கியவர்கள் இலண்டன் பத்திரிகையாளரல்லர். தம் மண்ணைக் காக்க நின்ற ஆபிரிக்க விவசாயிகளே.

இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்கப்பட்டதா? தாங்கித் தொழில் ஜெனோவாவின் அன்சால்டோ, தூரினின் பியட் ஆகிய இரு நிறுவனங்களின் ஏகபோகமாக இருந்தது. ஜேர்மன் தாங்கிகளை இத்தாலியிலேயே செய்யலாமென்ற யோசனைகூட எழுந்து மறைந்தது. போட்டியை விரும்பாத இவ்விரு நிறுவனங்களும் அதற்கு இணங்கவில்லை. 132ஆம் படையணிக்குக் கிடைத்தது எம் 13/40 என்ற தாங்கி. 14 தொன் எடை, நால்வர் குழு, 47 மில்லிமீற்றர் பீரங்கி. பீரங்கி அக்காலத்துக்குக் குறைவானதன்று. குறை உடலில் இருந்தது. உருக்குத் தகடுகளைப் பற்றவைத்து இணைக்காமல் தறையாணிகளால் பொருத்தியிருந்தனர். குண்டு பட்டால் ஆணிகள் தெறித்து உள்ளிருந்தோரையே காயப்படுத்தின. முதலில் வந்தவற்றுட் பலவற்றில் வானொலிக் கருவியும் இல்லை. கொடியசைத்துக் கட்டளையிட வேண்டியிருந்தது. புழுதிப் புயலிலே கொடியை யார் காண்பர்?

இத்தகைய பொறிகளுடன் அவர்கள் புறங்காட்டி ஓடினரா? 1941 நவம்பர் 19ஆந் திகதி பிர் எல் குபியில் பிரித்தானியரின் 22ஆம் கவசப் பிரிகேட் அரியேத்தேமீது பாய்ந்தது. பதுங்கு குழிகளில் நின்ற பெர்சாலியரிக் காலாட்களும் பீரங்கிப் படையினரும் தாக்குதலைத் தடுத்து நிறுத்த, 132ஆம் படையணியின் தாங்கிகள் எதிர்த்தாக்குதல் நடத்தின. இத்தாலியர் 34 தாங்கிகளை இழந்தனர். பிரித்தானியர் இழந்தவை சுமார் 40. பகடி சொல்வோர் இந்நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

1942 மே 27 இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்று காலையில் அரியேத்தே 3ஆம் இந்திய மோட்டார்ப் பிரிகேட்டைத் தாக்கி அதன் அரண்களைக் கடந்து சென்றது. பின்னர் பிர் ஹக்கீமில் நின்ற சுதந்திர பிரெஞ்சுப் படையின் கண்ணிவெடிகளுக்குள்ளும் பீரங்கிகளுக்கு எதிரிலும் 132ஆம் படையணி சென்று, 32 தாங்கிகளை இழந்தது. அப்பிரெஞ்சு அணியிலும் ஆபிரிக்காவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் வந்த குடியேற்றநாட்டு வீரர் பலர் இருந்தனர். இத்தாலிய உழவனின் மகன் இந்திய உழவனின் மகனைச் சுட்டான். இருவருக்கும் அந்தப் பாலைவனத்தில் ஒரு பிடி மண்ணேனும் சொந்தமில்லை. அரபு மொழியில் 'பிர்' என்றால் கிணறு. அக்கிணறுகளை அண்டி மந்தை மேய்த்த மக்களைப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இத்தாலிய ஆட்சி முட்கம்பி முகாம்களில் அடைத்திருந்தது. அவர்களின் தலைவர் உமர் முக்தாரை 1931இல் தூக்கிலிட்டது. 132ஆம் படையணியினரின் துணிவைப் பேசும்போது இதனையும் சேர்த்தே பேசல் வேண்டும்.

முடிவு எல் அலமீனில் வந்தது. 30 தொன் எடையும் 75 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட அமெரிக்க ஷேர்மன் தாங்கிகள் அப்போது பிரித்தானியர் கைக்கு வந்துவிட்டன. 1942 நவம்பர் 4ஆந் திகதி அரியேத்தே சுற்றிவளைக்கப்பட்டு, மாலையளவில் அழிந்தது. அந்த வலுவற்ற ஆயுதங்களால் இயலக்கூடியதற்கு மேலாகவே தாம் எப்போதும் அவர்களிடம் கேட்டு வந்ததாக ரொமெல் பின்னர் எழுதினார். கேட்டவர் பிழைத்திருந்து எழுதினார்.

நான்கு மாதங்களின் பின், 1943 மார்ச் 5ஆந் திகதி, தூரினில் பியட்டின் மிராபியோரித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. உணவும் ஊதியமும் சமாதானமும் கேட்டு எழுந்த அக்குரல் மிலான்வரை பரவிற்று. இருபதாண்டுக்கால அடக்குமுறை அதைத் தடுக்க முடியாது திகைத்தது. யூலை 25இல் முசோலினி வீழ்ந்தான்.

அரியேத்தே என்ற பெயரில் மீண்டும் திரட்டப்பட்டிருந்த புதிய படைப்பிரிவு அப்போது உரோமுக்கு வடக்கே நின்றது. செப்டெம்பர் 8இல் இத்தாலி போர்நிறுத்தத்தை அறிவித்ததும் ஜேர்மன் படை தலைநகரை நோக்கி விரைந்தது. மறுநாள் மொன்தெரோசியில் அதை மறித்தவர்களுள் எத்தோரே ரொசோ என்ற இளம் பொறியியற் படை அதிகாரி ஒருவன். கண்ணிவெடிகள் ஏற்றிய லொறிகளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, பகைவர் நெருங்கியபோது தன்னோடு நின்ற நான்கு தொண்டர்களுடன் அவற்றை வெடிக்கச் செய்து மாண்டான். அதே நாள் விடியற்காலையில் இத்தாலிய மன்னரும் பிரதமர் படோலியோவும் மோட்டார் வண்டிகளிலேறி, தலைநகரைக் கைவிட்டுப் பெஸ்காராவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர்.