சிட்னி ஷெல்டன்

சிட்னி ஷெல்டன் (11 பிப்ரவரி 1917 – 30 ஜனவரி 2007) அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர், நாவலாசிரியர். இயற்பெயர் சிட்னி ஷெக்டெல். பிறந்த ஊர் சிகாகோ. முதல் நாவல் வெளியானபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

1937இல் ஹாலிவுட்டுக்கு வந்தவருக்கு, ஸ்டுடியோவுக்கு வரும் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தரும் வேலைதான் முதலில் கிடைத்தது. பத்தே ஆண்டுகளில், 'த பேச்சலர் அண்ட் த பாபி சாக்ஸர்' (1947) திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்றார். பிராட்வே இசை நாடகமான 'ரெட்ஹெட்' (1959) டோனி விருதையும் தேடித் தந்தது.

1963இல் 'த பாட்டி டியூக் ஷோ' மூலம் சின்னத்திரைக்கு வந்த ஷெல்டன், அதன் பெரும்பாலான அத்தியாயங்களைத் தாமே எழுதினார். அடுத்து வந்தது 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' (1965–1970). விண்வெளி வீரர் ஒருவர் கரையொதுங்கிய தீவில் ஒரு குப்பியைத் திறக்க, உள்ளிருந்து பூதப்பெண் வெளிப்படுகிறாள். பிறகு அவரை விட்டு நகர மறுக்கிறாள். பார்பரா ஈடனும் லாரி ஹாக்மனும் நடித்த இந்த நகைச்சுவைத் தொடர் 139 அத்தியாயங்கள் ஓடியது. உருவாக்கம், தயாரிப்பு, எழுத்து என எல்லா இடத்திலும் தம் பெயரே வருவது உறுத்தியதால், பல அத்தியாயங்களுக்குப் புனைபெயர்களைப் போட்டுக்கொண்டார்.

ஜீனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், தம்மை யாரோ கொல்ல முயல்வதாக உணரும் மனநல மருத்துவரின் கதை அவருக்குத் தோன்றியது. அந்த மனிதரின் அச்சமும் சந்தேகமும் மனத்துக்குள்ளேயே நடப்பவை. நடிகர் பேசினால்தான் எதுவும் வெளிப்படும் என்ற திரைக்கதைக்குள் அவை அடங்கவில்லை. அதனால் அது 'த நேக்கட் ஃபேஸ்' (1970) என்ற நாவலானது. பெரிதாக விற்கவில்லை என்றாலும், சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருதுப் பரிந்துரையைப் பெற்றது. அடுத்த நாவலான 'தி அதர் சைட் ஆஃப் மிட்நைட்' விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. 1977இல் அது படமானபோது எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்ததென்றால், அந்தப் படம் வேண்டுமானால் 'ஸ்டார் வார்ஸ்' படத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபாக்ஸ் நிறுவனம் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தது.

'ரேஜ் ஆஃப் ஏஞ்சல்ஸ்' (1980), 'மாஸ்டர் ஆஃப் த கேம்' (1982), 'இஃப் டுமாரோ கம்ஸ்' (1985) என நாவல்கள் தொடர்ந்தன. அவர் கதையை முதலில் எழுதவில்லை, சொன்னார். முடிவு தெரியாமலே, ஒரு பாத்திரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உதவியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போவார். தட்டச்சாகி வரும் கத்தை கத்தையான தாள்களை வெட்டி, திருத்தி, மறுபடி தட்டச்சுக்கு அனுப்புவார். ஒரு நாவல் பத்துத் தடவைக்கு மேலும் திருத்தப்பட்டது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அதற்கே போகும். புத்தகத்தை மூடவிடாதபடி அத்தியாயத்தை முடிச்சில் நிறுத்துவதை அவர் திட்டமிட்டே செய்தார். விமர்சகர்கள் இதை மலிவான உத்தி என்றார்கள். ஆனால் இவ்வளவு திருத்தத்துக்குப் பிறகு கிடைக்கும் வேகத்தை மலிவு என்று தள்ளுவது நியாயமில்லை. துரத்தப்பட்டு, ஏமாற்றப்பட்டு, தம் புத்தியால் மீளும் பெண்களைக் கதையின் நடுவே நிறுத்தியதும் அவருடைய பலம்.

நாவலாசிரியரான பின்னும் தொலைக்காட்சியை அவர் விட்டுவிடவில்லை. 1979இல் தொடங்கிய 'ஹார்ட் டு ஹார்ட்' துப்பறியும் தொடர் அவர் உருவாக்கியதே. மொத்தம் 18 நாவல்கள் எழுதினார். 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. 2005இல் வெளியான 'தி அதர் சைட் ஆஃப் மீ' என்ற தன்வரலாற்றில், இளமையிலிருந்தே தம்மை வாட்டிய இருமுனை மனநோயைப் பற்றி மறைக்காமல் எழுதினார். கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் காலமானார். 2009 முதல், குடும்பத்தின் ஒப்புதலுடன், டில்லி பாக்ஷா அவர் பாணியில் நாவல்கள் எழுதினார்.