பறங்கி

ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டையை முதலிற் கட்டியவர் பறங்கிகள் என்பது தீவுப்பகுதியில் யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் அப்போர்த்துக்கீசர் தம்மை ஒருநாளும் அப்பெயரால் அழைத்துக்கொண்டவரல்லர்.

சொல்லின் மூலம் பிராங்கர் என்னும் ஜெர்மானியக் குலப்பெயர். பிரான்ஸ் தேசத்துக்குப் பெயரளித்ததும் அதுவே. வடபுலத்திலிருந்து கொள்ளையிட வந்த நோர்மானியர், 911ஆம் ஆண்டில் அத்தேசத்தின் வடகரையில் நிலம் பெற்று, சில தலைமுறைகளுக்குள் பிரெஞ்சுப் பாஷையையும் குதிரைப்போரையும் தமதாக்கிக்கொண்டனர். 1066 ஒக்டோபர் 14இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் இங்கிலாந்தின் ஹரோல்ட் மன்னனை வீழ்த்திய வில்லியமை நோர்மானியர் கோமகன் என்று கூறும் பேயோச் சித்திரத் தையற்சீலை, அவனுக்காகப் போரிட்ட வீரரைப் பிராங்கர் என்றே குறிக்கின்றது. அவனுடைய மூத்த குமாரன் ரொபேட் 1096இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்டான். அங்கே கவசம் பூண்டு குதிரையேறி வந்தோரை, நோர்மானியர் யார், பிறர் யார் என்ற பேதம் பாராட்டாது, அராபியர் ‘ஃபரஞ்ச்’ என்றனர். பாரசீகர் நாவில் அது ‘ஃபரங்கி’ ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, முஸ்லிம் வணிகர் வழங்கிய அப்பெயர் அவனுக்கு முன்பே இக்கடலுக்கு வந்திருந்தது. ஃபகர ஒலியில்லாத தமிழ் அதனைப் பரங்கி என்றும் பறங்கி என்றும் ஏற்றது. எழுத்தின்பொருட்டு வழக்காடுவதில் பயனில்லை.

அந்நியர் ஊர்காவற்றுறைக்குப் புதியவரல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும் விதிக்கின்றது. கலம் உடைந்தவனிடமும் நியாயம் பேசிய துறை அது. 1619இல் போர்த்துக்கீசத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தை வென்று, சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான்; கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மன்னன் அங்கே கொலையுண்டான். துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லே ‘கயிற்ஸ்’ என ஊர்காவற்றுறைக்கு மறுபெயராக நின்றது. இலங்கையில் பரவிய தோல்நோயொன்றும் பறங்கி வியாதி எனப்பட்டது. ஜனங்களின் மனக்கசப்பு அப்பெயரிற் படிந்திருக்கின்றது.

1658இல் வந்தவர் ஒல்லாந்தரெனத் தனிப்பெயர் பெற்றனர். 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரோ, வில்லியமின் வம்சத்தொடர்பு கொண்ட சிங்காதனத்தின் சேவகர்; பிராங்கர் பெயருக்கு மற்றெவரினும் உரிமை கூறத்தக்க அவர்களை நம்மவர் துரைகள் என்று அழைத்து, பறங்கிப் பெயரை மட்டக்களப்பில் எஞ்சிய போர்த்துக்கீச வழியினருக்கு விட்டுவைத்தனர்.