பூட்டுப் பிடிகளும் தற்காப்பும்

பூட்டுப் பிடி என்பது எதிராளியின் மூட்டை அதன் இயல்பான எல்லைக்கு அப்பால் வளைத்தோ, கழுத்தை இறுக்கியோ அவரைப் பணியவைக்கும் சண்டைக்கலை நுட்பம் ஆகும். யப்பானிய யூடோ, பிரேசிலிய சியு-சிட்சு ஆகியவற்றில் இது முதன்மை இடம் பெறுகிறது. கன்னியாகுமரிப் பகுதியில் வழங்கும் அடிமுறையிலும் இத்தகைய பிடிகள் உள்ளன. அங்கு இவை 'பூட்டு' என்றே அழைக்கப்படுகின்றன. குத்துச்சண்டையில் இதற்கு இடமில்லை. குஸ்தியில் எதிராளியின் தோள்களைத் தரையில் படவைத்தாலே வெற்றியாகும்.

செயற்படும் முறை

மூட்டுப் பூட்டு நெம்புகோல் தத்துவத்தில் அமைந்தது. முழங்கைப் பூட்டில் தாக்குபவரின் இடுப்பு சுழல்புள்ளியாகிறது. எதிராளியின் மணிக்கட்டு விசை செலுத்தும் முனையாகிறது. வலி தாங்காதவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார். தெருவில் தட்டினால் விடுவதற்கு நடுவர் இல்லை. மது அருந்தியவருக்கோ சினத்தின் உச்சியில் இருப்பவருக்கோ வலி உடனே உறைப்பதுமில்லை. அந்நிலையில் மூட்டை முறிப்பது அல்லது விட்டுவிடுவது என்னும் இரண்டே வழிகள் எஞ்சுகின்றன.

கழுத்துப் பிடி வலியை நம்பி இருப்பதில்லை. கழுத்தின் இருபுறத் தமனிகளும் சரியாக அழுத்தப்பட்டால் ஏறத்தாழ 10 நொடிகளில் நினைவு தப்பும். அழுத்தம் மூச்சுக்குழலின் மீது விழுந்தால் உயிருக்கு இடர் மிகுதி. நியூயார்க் காவல்துறை 1993-இல் இப்பிடியைத் தடை செய்திருந்தும், 2014-இல் எரிக் கார்னர் என்பவர் கைதின்போது இதற்கு உள்ளாகி இறந்தார்.

களமும் தெருவும்

1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில், பெரிய உடற்கட்டு இல்லாத ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணியவைத்து வென்றார். பூட்டுப் பிடிகளின் புகழுக்கு இதுவே பெருங்காரணம். ஆனால் அங்கு எதிராளி ஒருவரே, ஆயுதம் இல்லை, கடிப்பதற்கும் கண்ணைக் குத்துவதற்கும் தடை இருந்தது. கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒருவரைத் தரையில் கிடத்திப் பூட்டுபவருக்கு இந்த மூன்று உறுதிகளும் கிடையா. அவரது இரு கைகளும் ஒருவரிடமே சிக்கியிருக்கும். முதுகுப்பக்கம் வருபவரை அவரால் பார்க்கக்கூட இயலாது. கத்தி இருப்பின் நிலைமை இன்னும் மோசம்.

அடிமுறையில் பூட்டும் பிரிவும்

அடிமுறையில் பூட்டுடன் அதிலிருந்து விடுபடும் முறையும் கற்பிக்கப்படுகிறது. இது 'பிரிவு' எனப்படும். 2020-இல் வெளியான 'பட்டாஸ்' திரைப்படத்தால் இக்கலை பரவலாக அறியப்பட்டாலும், திரையில் அடிகளே கவர்ச்சியாகத் தெரிகின்றன. தற்காப்பு நோக்கில் பார்த்தால் பூட்டை விடப் பிரிவே பயன் மிக்கது எனலாம். மணிக்கட்டைப் பற்றியவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுப்பதே இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பிடியின் வலுவற்ற பகுதி அதுவே. விடுபட்டவர் ஓடிவிடலாம், பூட்டியவரோ அவ்விடத்திலேயே கட்டுண்டு நிற்க வேண்டும். எனினும் விடாது பயிலாதவருக்குப் பிரிவும் கைகொடுக்காது. ஒத்துழைக்கும் இணையுடன் மட்டும் பழகியவர் முழு வலுவுடன் பிடிப்பவரிடம் தடுமாறுவதைப் பயிற்சிக் கூடங்களிலேயே காணலாம்.

சட்ட நிலை

இந்தியாவில் தற்காப்புரிமை முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதற்குப் பொருந்துகின்றன. தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகத் தீங்கு விளைவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என 37-ஆம் பிரிவு கூறுகிறது. எதிராளி நினைவிழந்த பின்னும் கழுத்துப் பிடியைத் தொடர்பவர் இந்த வரம்பைக் கடந்தவராகக் கருதப்பட வாய்ப்புண்டு.