மலைநாட்டார் நாடு பார்த்த வரலாறு



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கு நோக்கி வரும் பெருந்தெரு, ஊவா மாகாணத்தினுள் நுழைந்ததும் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. களுப்பஹனையையும் ஹல்துமுல்லையையும் கடந்து பெரகலைச் சந்தியை அடைந்ததும் அது இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலேறும். மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். விடுமுறை நாட்களில் இத்தெருவில் நின்று பார்த்தால், குழந்தை குட்டிகளோடும் சோற்றுப் பொதிகளோடும் ஊர் பார்க்க வருகின்ற குடும்பங்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். களுப்பஹனைக்கு அருகே 263 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது பம்பரகந்தை அருவி. இலங்கையில் அதனினும் உயர்ந்த அருவி இல்லை. கொஸ்லாந்தைக்கு அப்பால் 220 மீற்றர் உயரமுள்ள தியலுமை இருக்கின்றது. அப்புத்தளை மலைமுகட்டில் நின்றால், வானம் தெளிந்த நாளில், தெற்கே சமவெளி முழுவதும் விரித்த பாய்போலக் கிடப்பது தெரியும்.

தொலைவிலிருந்து வருவோர் இவற்றைக் கண்டு களிப்பதில் வியப்பில்லை. இம்மலைகளிலேயே நான்கு ஐந்து தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தம் வாயிலில் உள்ள இக்காட்சிகளைக் காண எப்போது புறப்பட்டன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நாடு பார்த்தல் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. எவர் கால் எங்கே செல்லலாம் என்பதை ஒவ்வொரு காலத்திலும் வேறு எவரோ தீர்மானித்து வந்திருக்கின்றனர்.

மிகப் பழைய காலத்தை விரைந்து கடந்து விடுவோம். இவ்வழிகளில் முதலில் நடந்தவை படைகள். 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா பதுளைவரை சென்று அந்நகரை எரித்துத் திரும்புகையில், வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவலையில் கண்டியரசனின் படையால் மடக்கப்பட்டு மாண்டான். ஹல்துமுல்லைக்கு அண்மையில் போர்த்துக்கேயர் கோட்டை என்று மக்கள் வழங்கும் சிதைந்த கற்சுவர்கள் இன்றும் உள்ளன. படைகளின் பின் கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. கோப்பிக் காலத்திலேயே வரத் தொடங்கிய நம்மவர் தேயிலையோடு நிலையாகக் குடியேறினர்.

அவர்கள் வந்த பயணத்தை உல்லாசப் பயணம் என்று எவரும் சொல்லார். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்து, அதன்பின் மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்தும் புகைவண்டித் தொடர்பும் ஏற்பட்டன. ஆயினும் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தவர் மீண்டும் வெளியே கால் வைப்பது எளிதாய் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றம். அதற்கு மேல் துண்டு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டின்றி வெளியே காணப்பட்டவன் ஓடிப்போனவனாகக் கருதப்பட்ட காலத்தில், மனைவி மக்களோடு அருவி பார்க்கப் போனேன் என்று சொன்னால் எவர் நம்புவர்?

அதே காலத்தில் இதே மலைகளில் உலாவுக்கென்று வந்தோரும் இருந்தனர். புகைவண்டிப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. உடல்நலத்துக்கு உகந்த இடம் என்று பண்டாரவளை பெயர் பெற்றது. கொழும்பின் வெப்பத்தைத் தாங்காத ஆங்கிலக் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டன், தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்ப்பாராம். அவ்விடம் லிப்டன் இருக்கை என்றே இன்றும் வழங்குகின்றது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையருகே அடிஷம் என்னும் கருங்கல் மாளிகையை எழுப்பினார். இவர்களும் தாய்நாட்டை விட்டு வந்து வாழ்ந்த அந்நியரே. ஒரே மலையில் இரு வகை அந்நியர் வாழ்ந்தனர். ஒரு சாரார்க்கு மலை ஒரு காட்சி; மற்றவர்க்கு அது நாட்பேருக்கு நிறுக்கப்படும் கொழுந்து.

அந்தப் புகைவண்டிப் பாதையைப் பற்றி ஒரு சொல். அது 1924இல் பதுளையை அடைந்தது. தெமோதரையில் பாதை வளைந்து சுழன்று, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து செல்வதையும், அதற்கு அண்மையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் காண இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அப்பாதை முதன்மையாகத் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும் அரிசி மூடைகளை ஏற்றுவதற்கும் போடப்பட்டது. காட்சி என்பது கணக்கில் எழுதப்படாத இலாபம்.

அவ்வாறாயின் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்தின் எல்லையைத் தாண்டவே இல்லையா? தாண்டினர். தெய்வத்தின் பெயரால் தாண்டினர். பிரட்டுக்களத்தில் நின்று, ஊர் பார்க்கப் போகிறேன் என்று கங்காணியிடம் சொல்ல இயலாது. கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் என்று சொல்ல இயலும். துரைமாரும் அதனை முற்றாகத் தடுக்கத் துணியவில்லை. இதில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. கதிர்காமத்து ஆடித் திருவிழா நடக்கும் அதே பருவத்தில்தான் ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்று வீசி, உலகச் சந்தையில் தனி மணத்துக்குப் பெயர்பெற்ற தேயிலை கிடைக்கின்றது. விலை மிகுந்த கொழுந்துப் பருவத்தில் ஆட்களை விடத் தோட்டத்துக்கு மனம் வராது. முருகனோ நாளை மாற்றிக்கொள்வதில்லை! வாந்திபேதிப் பயத்தால் அரசாங்கமும் கதிர்காம யாத்திரைக்குப் பல கட்டுப்பாடுகளை விதித்ததுண்டு. இவ்வளவையும் மீறி, கொஸ்லாந்தை இறக்கத்தில் இறங்கி, வெல்லவாய வழியாக யானைக் காடுகளுக்குள் பல நாள் நடந்து போயினர் நம் முன்னோர். போகும் வழியில் தியலுமையின் அடியில் குளித்தனர். கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டனர். சமவெளியின் வயல்களையும் குளங்களையும் கண்டனர். சிவனொளிபாத யாத்திரைக்குப் போனவர்கள் விடியலில் மலையின் நிழல் மேகத்தின்மேல் முக்கோணமாய் விழுவதைக் கண்டனர். கும்பிடச் சென்ற கண் காட்சியையும் கண்டது.

இது நமக்கு மட்டும் உரிய தந்திரம் அன்று. கீழைத்தேசத்தில் ஜப்பானியரும் இதனைச் செய்தனர். தோக்குகவா ஆட்சிக் காலத்தில் அந்நாட்டுக் குடியானவர் தம் ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஹக்கோனே முதலிய இடங்களில் காவற் சாவடிகள் இருந்தன. பெண்களை அங்கே மிகக் கடுமையாகச் சோதித்தனர். வேடிக்கை பார்க்கப் போவதற்குச் சீட்டுக் கிடைப்பது அரிது. இசே என்னும் திருத்தலத்துக்கு யாத்திரை போவதற்கோ எளிதில் கிடைக்கும். எனவே ஊரார் கூட்டாகப் பணம் சேர்த்துத் திருவுளச்சீட்டுப் போட்டு, பெயர் விழுந்தவரை இசேக்கு அனுப்பினர். அவரும் இசேயை வணங்கிவிட்டு, கியோத்தோ, ஒசாக்கா என்று நகரங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து வீடு திரும்புவார். 1830ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் இசேக்குச் சென்றவர் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என மதிப்பிடுவர். சாவடிகள் 1869இல் நீக்கப்பட்டன. பதினேழு ஆண்டுகளில், 1886இல், தோக்கியோ ஆசிரியர் கல்லூரி மாணவரைப் பதினொரு நாள் நெடும்பயணமாக அழைத்துச் சென்றது. அதிலிருந்து வளர்ந்ததே அந்நாட்டின் பாடசாலைச் சுற்றுலா. 1959இல் பாடசாலைச் சுற்றுலாவுக்கென்றே தனிப் புகைவண்டிகள் விடப்பட்டன. இன்று ஜப்பானில் தன் நாட்டைச் சுற்றிப் பாராமல் பள்ளிப்படிப்பை முடிக்கும் பிள்ளை அரிது. ஆசிரியத் தொழிலில் உள்ளவன் ஆகையால் இச்செய்தியை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்றே பொறாமை உண்டாவது இயல்பு.

நம் நிலையோ வேறு விதமாய்த் திரும்பியது. பேருந்துகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது 1958இல். கட்டணம் கைக்கெட்டும் அளவில் இருந்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கதிர்காமத்துக்கும் கண்டிக்கும் போகும் வழக்கம் பரவத் தொடங்கியது. அவ்வேளையில் நாடு பார்க்கும் உரிமைக்கு அடிப்படையான உரிமையே இல்லாதிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி இருந்தது. 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று.

அப்பங்கீட்டின்படி புறப்பட்ட குடும்பங்கள் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் புகைவண்டி ஏறின. தகரப் பெட்டிகளும், அண்டா குண்டாக்களும், சாமி படங்களும், கைக்குழந்தைகளும் கூடவே. வண்டி பட்டிப்பொலை உச்சியைக் கடந்து, நானுஓயா, ஹற்றன், பேராதனை வழியாக இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று போய்த் தலைமன்னார்த் துறையில் நிற்கும். இலங்கையின் மலையையும் நெல்வயலையும் வன்னிக் காட்டையும் கடலையும் ஒரே பயணத்தில் குடும்பத்தோடு பார்க்கும் வாய்ப்பு அவர்களிற் பலருக்கு அப்போதுதான் முதன்முறையாகக் கிட்டியது. நாட்டை விட்டுப் போகின்ற அன்றுதான் நாட்டைப் பார்த்தனர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றுபோகும் வரை இப்பயணம் தொடர்ந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாடசாலைச் சுற்றுலாக்கள் போகத் தொடங்கிய காலத்தில், நாங்களும் ஒரு பேருந்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். பெற்றோர் சார்பில் வந்தவருள் ஓய்வு பெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவர் இருந்தார். வழி முழுவதும் பிள்ளைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்துக் கலகலப்பாய் வந்தவர், மதவாச்சிச் சந்தியில் வண்டி நின்றதும் மன்னார்த் தெரு என்ற பலகையைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். "இந்தப் பக்கமாத்தான் சேர், எங்க அண்ணன் குடும்பம் போச்சு. நான் சின்னப் பையன். கப்பல் வரைக்கும் கூட வந்தேன்," என்றார். அதன்பின் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அவர் அதிகம் பேசவில்லை. நல்லூர்க் கோயிலில் அண்ணன் பெயருக்கு ஓர் அருச்சனை செய்தார். அன்றைய சுற்றுலாவில் பிள்ளைகள் கற்ற வரலாற்றுப் பாடங்களுள் அதுவும் ஒன்று.

தங்கியவர்களின் நிலை மெல்ல மாறியது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. அப்பத்தாண்டின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றவர்க்கும் குடியுரிமை வழங்கியது. இம்மாற்றங்களுக்குப் பின்னரே, கோயிற் காரணம் எதனையும் காட்டாமல், ஒரு போயா நாளில் வாடகை வண்டி பிடித்துக் குடும்பத்தோடு தியலுமைக்குப் போகின்ற வழக்கம் தோட்டங்களில் வேரூன்றியது. ஆயினும் நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்குச் சுற்றுலா ஒன்றுக்கு இரு செலவு உண்டு: வண்டிக் கூலி ஒன்று, அன்று விழாமற் போகும் பேர் மற்றொன்று. சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கும் பெண்கள்தாம் பெரும்பாலும் இவ்வுலாக்களைச் சாத்தியமாக்குகின்றனர். இசே யாத்திரைக்குப் பணம் சேர்த்த கிராமத்தார் இவர்களைக் கண்டால் உடனே இனம் கண்டுகொள்வர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. தியலுமை காணச் செல்வோர் ஆண்டுதோறும் கொஸ்லாந்தையைக் கடந்தே போயினர். அத்தெருவுக்கு மேலே மீரியபெத்தை என்றொரு குடியிருப்பு இருப்பதை அவர்களுட் பெரும்பாலோர் அறியார். 2014 ஒக்ரோபர் 29 காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயன்களை மூடிய பிறகே நாடு அப்பெயரைக் கேட்டது. அதன்பின் சில வாரங்கள் அங்கே வண்டிகள் வந்து நின்றன. அருவிக்கு வழி கேட்டோர் குடியிருப்புக்கு வழி கேட்டனர்.

நம் தமிழ் மரபில் வழிகாட்டுதலுக்கென்றே ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை உண்டு. சுற்றத்தோடு புறப்பட்ட கூத்தனுக்கு, வழியிலுள்ள மலையும் அருவியும் அங்கே வாழும் மக்களும் இன்னார் என்று முன் சென்றவன் எடுத்துரைப்பான். மலைபடுகடாம் அவ்வாறு எழுந்ததே. காட்சியையும் அங்கே குடியிருப்போரையும் அப்புலவர் பிரித்துப் பார்க்கவில்லை. இக்காலத்து வழிகாட்டி நூல்கள் அருவியின் உயரத்தைச் சரியாகவே குறிக்கின்றன. அருவியருகே வாழ்வோரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. பம்பரகந்தைக்குச் செல்லும் எம் மாணவர்க்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சித்தாளில், அருவியைப் பற்றி மூன்று வினாக்களும், வழியிலுள்ள தோட்டங்களையும் கிராமங்களையும் பற்றி ஏழு வினாக்களும் உள்ளன. முதியோரிடம் கேட்டே விடை எழுத வேண்டும் என்பது விதி.

தலைமன்னாருக்கான புகைவண்டி 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அடுத்த சுற்றுலாவுக்கு எந்த ஊர் வேண்டும் என்று உயர்தர வகுப்பினரைக் கேட்டோம். நுவரெலியா என்றும் காலி என்றும் சிலர் சொன்னார்கள். பெரும்பான்மையோர் எழுதிக் கொடுத்த பெயர் தலைமன்னார்த் துறை.