மகளிர் துணை விமானப்படை

மகளிர் துணை விமானப்படை (1939–1949), இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் அரச விமானப்படையோடு சேர்ந்து இயங்கிய பெண்கள் படை. 1943இல் இதில் 1,80,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். விமானம் ஓட்டும் பணி இவர்களுக்குத் தரப்படவில்லை. ஆனால் ஒரு விமானம் மேலே எழும்பும் முன்பும் தரையிறங்கிய பின்பும் செய்தாக வேண்டிய வேலைகளில் இவர்கள் கைபடாதவை குறைவு. அந்த வேலைகளின் வழியாகவே இப்படையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியும்.

1918 ஏப்ரல் 1 அன்று அரச விமானப்படை உருவானபோதே அதற்கொரு பெண்கள் பிரிவும் தொடங்கப்பட்டது. போர் முடிந்ததும், 1920இல், அதைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த போர் நெருங்கிய வேளையில், 1939 ஜூன் 28 அன்று, கேத்ரின் ட்ரெஃபியூசிஸ் ஃபோர்ப்ஸ் தலைமையில் புதிய படை அமைந்தது. செப்டம்பரில் போர் மூண்டபோது இதில் ஏறக்குறைய 1,700 பேர்தான் இருந்தார்கள். சீருடைக்குப் பஞ்சம், பலருக்கு மழைக்கோட்டும் தொப்பியும் மட்டுமே கிடைத்தன. சமையல், எழுத்தர் வேலை, வண்டி ஓட்டுதல், விமானத் துணி தைத்தல் என ஒருசில பணிகளே முதலில் திறந்துவிடப்பட்டன. 1941 ஏப்ரலில்தான் இவர்கள் சட்டப்படி ஆயுதப்படையினர் ஆனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களுக்குக் கட்டாய தேசப்பணி வந்தது. பணி வகைகளும் காலப்போக்கில் 80ஐத் தாண்டின.

ஜெர்மனியுடன் 1940 கோடையில் நடந்த வான்போரில் இவர்களுடைய மிக முக்கியமான இடம் கட்டுப்பாட்டு அறை. கடற்கரை ரேடார் நிலையங்கள் கண்டதெல்லாம் போர்விமானப் பிரிவின் தலைமையகமான பென்ட்லி ப்ரையரியில் இருந்த வடிகட்டும் அறைக்குத் தொலைபேசியில் வந்து சேரும். ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று இடங்களில் கண்டதாகச் சொல்லும். அவற்றைச் சில நொடிகளில் ஒப்பிட்டு ஒரு தடமாக்க வேண்டும். அந்தத் தடம் அக்ஸ்பிரிட்ஜ் நிலவறை போன்ற இடங்களுக்குப் போகும். அங்கே காதில் ஹெட்போனும் கையில் நீண்ட கோலுமாகப் பெரிய வரைபட மேசையைச் சுற்றி நின்ற பெண்கள், அடையாளத் துண்டுகளைத் தள்ளி நகர்த்துவார்கள். சுவர்க் கடிகாரத்தின் முகம் ஐந்தைந்து நிமிடப் பட்டைகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பிரிக்கப்பட்டிருந்தது. செய்தி வந்த நேரத்தின் நிறத்தையே மேசையில் வைத்த அம்புக்குறிக்கும் இட்டதால், எது புதிய செய்தி, எது ஆறிப்போனது என்பதை மேல்மாடத்திலிருந்து மேசையைப் பார்க்கும் அதிகாரி ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். இரவும் பகலும் முறை மாற்றி நடந்த இந்த வேலையைப் பற்றி வீட்டாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

தரையில் இருந்ததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. 1940 ஆகஸ்டு இறுதியில் பிகின் ஹில் விமானத் தளம் அடுத்தடுத்துக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பதுங்குகுழியொன்றில் நேரடியாக விழுந்த குண்டு பலரைக் கொன்றது. தொலைபேசிப் பணியை விட்டு அசையாமலிருந்த ஜோன் மார்ட்டிமர், எல்ஸ்பெத் ஹென்டர்சன், ஹெலன் டர்னர் ஆகிய மூவரும் இராணுவப் பதக்கம் பெற்றனர். வெடிக்காத குண்டுகள் கிடந்த இடங்களில் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டு போனவர் மார்ட்டிமர்.

தாழப் பறக்கும் எதிரி விமானங்களைத் தடுக்கும் பலூன்களின் வேலை கட்டுப்பாட்டு அறை வேலைக்கு நேர்மாறானது. வெட்டவெளியில் உடம்பை வாட்டுவது. ஹைட்ரஜன் நிரப்பிய அந்தப் பெரும்பையை எஃகுக் கம்பியில் ஏற்றி இறக்கவும், புயற்காற்றில் நள்ளிரவில் எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்டவும் வேண்டும். பெண்களால் முடியாது என்றே முதலில் கருதினார்கள். 1941 முதல், ஆண்கள் குழுவைவிடப் பெரிய குழுக்களாக, அவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள்.

குண்டுவீச்சுத் தளங்களில் ஆண்களும் பெண்களும் ஒரே நாளின் வெவ்வேறு ஓரங்களில் வாழ்ந்தார்கள். விமானங்கள் திடலெங்கும் சிதறி நின்றதால் எல்லோருக்கும் சைக்கிள்தான் வாகனம். ஃபிட்டர்களும் ஆயுதப் பணியாளர்களும் விரல் மரத்துப்போகும் குளிரில் கூரையில்லாமல் வேலை பார்த்தார்கள். உறங்கும் இடம் வளைந்த தகரக் கொட்டகை, நடுவில் ஒரு கரியடுப்பு. காலையில் மூன்று துண்டு மெத்தையை அடுக்கிப் போர்வையை மடித்து வைக்காவிட்டால் கண்டிப்பு உண்டு. பொதுமக்களுக்கு முட்டை அரிதாகிப் போன காலத்தில், பறக்கப் போகிறவருக்குத் தட்டில் முட்டை வரும். அதைப் பொரித்துத் தந்த பெண்ணுக்கு அன்றிரவு யார் போகிறார்கள் என்று தெரியும். விமானத்தடிக்கு வண்டி ஓட்டிச் சென்றவளும், பாராசூட்டை மடித்துத் தந்தவளும், கோபுரத்தில் வானொலியில் திரும்பும் குரல்களுக்காகக் காத்திருந்தவளும் பெண்களே. பறப்பவர்களுக்கு ஒரு முழுச் சுற்றுப் பணி என்பது 30 குண்டுவீச்சுப் பயணங்கள். குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பெயர்ப் பலகையில் வெற்றிடங்களைப் பார்த்தபடியே மறுநாள் வேலைக்குத் திரும்பியதும் இப்படைப் பணியின் பகுதிதான். வரலாற்று நூல்கள் இதற்கு உரிய இடம் தந்ததில்லை.

சிலருடைய பணி இன்னும் மறைவானது. மெட்மென்ஹாமில் வான்படங்களை ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித், 1943இல் ஜெர்மனியின் பீனமுண்டே பகுதிப் படமொன்றில் வி-1 பறக்கும் குண்டை அடையாளம் கண்டார். திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான் 1940இல் இப்படையில் சேர்ந்து வானொலிப் பயிற்சி பெற்றார். பின்பு இரகசியப் பணிக்காகப் பிரான்சுக்குச் சென்று, 1944இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். 1944 ஜூன் முதல் செவிலிப் பணியாளர்கள் டக்கோட்டா விமானங்களில் நார்மண்டிக்குப் பறந்து காயம்பட்டவர்களை அழைத்து வந்தார்கள்.

இவ்வளவுக்கும் பெண்ணின் சம்பளம் அதே தரத்து ஆணுடையதில் மூன்றில் இரண்டு பங்கு. கருவுற்றால் பணியிலிருந்து நீக்கம். இரண்டும் அன்றைய விதிகள், இரண்டும் அநீதி.

1920இல் போல, இந்தப் போருக்குப் பின் படையைக் கலைத்துவிடவில்லை. 1949 பிப்ரவரி 1 அன்று இது மகளிர் அரச விமானப்படை என்ற நிரந்தரப் படையானது. முழுநேர விமானிகளாகப் பெண்களை ஏற்பதற்கு 1990களின் தொடக்கம் வரை ஆயிற்று. 1994 ஏப்ரலில் தனிப்பிரிவு நீங்கி, பெண்கள் அரச விமானப்படையிலேயே முழுமையாக இணைக்கப்பட்டனர்.